பிஷப்பம்மாவின் பிரசவம்

"இதுல எது தலை, எது வால்?"

இப்படி என்னிடம் கேட்டவன் லாக்லன். வாடகை வீடுகளைச் சோதனை போட வரும் தரகு அலுவலகத்து ஆள். அடிலெய்டு நகரத்திலிருந்து வேலைக்காக வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கணுக்கால் தெரியும் பேண்ட், காலுறை கிடையாது, முனை கூர்மையான பழுப்பு நிறக் காலணி. ஆற்றங்கரைச் சிற்றூரான எங்கள் லாக்ஸ்டனில் அப்படி ஒரு காலணியை அதற்கு முன் நான் பார்த்தது ஒரே ஒருவர் காலில். அவரும் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார்.

எங்கள் பின்தோட்டத்தில், துருப்பிடித்த தகரக் குவியலின் ஓரத்தில், இரண்டு அரணைகள் ஒன்றன் பின் ஒன்றாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. தூங்குமூஞ்சிகள் என்றுதான் எங்கள் பக்கத்தில் அவற்றைச் சொல்வோம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். பைன் காயைத் தரையில் போட்டு மிதித்து நீட்டிவிட்டதுபோல உடம்பெல்லாம் செதில். முன்னால் முக்கோணமாக ஒரு மொட்டைத் தலை. பின்னாலும் அதே முக்கோணத்தில் ஒரு மொட்டை வால். கடவுள் செய்து முடித்ததும் எந்தப் பக்கம் கண் வைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்திருப்பார்.

எனக்கு விடை தெரியும். ஆனால் யாராவது நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்டால் என் தொண்டை பூட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடம் அதனால்தான் நின்றது. வகுப்பில் எழுந்து நின்று 'நீரைச் சேமிப்போம்' என்று பேச வேண்டியிருந்தது. எழுந்தேன். வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை, காலையில் குடித்த பாலும் தின்ற ரொட்டியும் வந்தன. எதுவும் சேமிக்கப்படவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நான் போகவில்லை. அவர்களும் ரொம்ப வற்புறுத்திக் கூப்பிடவில்லை.

ஆகவே விரலை நீட்டித் தலையைக் காட்டினேன். லாக்லன் அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டான். கையிலிருந்த பலகைக் கணினியில் தகரத்தைப் படம் பிடித்தான். அம்மா சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நரேல், இந்தத் தகரக் குப்பை அடுத்த தடவை நான் வர்றப்போ இருக்கக் கூடாது" என்றான். "எனக்கு முன்னாடி இருந்தவரும் சொல்லியிருக்காரு. ஓனருக்கு இங்க புல்தரை வேணுமாம்."

"புல்லா? குளிக்கிற தண்ணிக்கே பில்லைப் பார்த்தா மயக்கம் வருது. புல்லுக்கு ஊத்தச் சொல்றியா தம்பி?"

"நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். மார்ச்சில உங்க ஒப்பந்தம் முடியுது. தோட்டம் இப்படியே கிடந்தா புதுப்பிக்க மாட்டாங்க."

"அதுங்க ரெண்டையும் என்ன பண்றது?"

"அதுங்க வாடகை ஒப்பந்தத்துல இல்ல."

சொல்லிவிட்டு, முற்றத்து நெருஞ்சி காலணியில் ஒட்டாமல் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனான்.

அம்மா சிகரெட்டை மறுபடி வெளியே எடுத்தாள். "கணுக்காலைப் பாரு. ரெண்டு கேரட்டு" என்றாள். சிரிக்கவில்லை.

சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த வருஷம் எங்கள் ஊரில் வாடகை வீடு என்பதே கிடையாது. ஒரு வீடு காலியானால் பார்க்க வருகிறவர்களின் வரிசை நடைபாதை வரை நிற்கும். குழந்தையைக் குளிப்பாட்டித் தலை வாரி, நாயைப் பக்கத்துத் தெருவில் கட்டிவிட்டு வந்து நிற்பார்கள். வீடு கிடைக்காதவர்கள் ஆற்றங்கரைக் கேரவன்களுக்குப் போவார்கள். அம்மா வேலை செய்யும் பேக்கரியில் 'பை' என்ற இறைச்சிப் பலகாரம் சுடுகிற பெண் அப்படிப் போனவள். சமையல், படுக்கை, சண்டை எல்லாம் ஒரே மெத்தை மேல் என்று சொல்வாள். எனக்கு, அடுத்த கேரவன்காரர் தும்மினாலும் கேட்கும் இடத்தில் இருப்பது என்றால் தினமும் வகுப்பில் எழுந்து நிற்பது மாதிரி. இந்த வீட்டில் என் இடம் பின்தோட்டம். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்த இரண்டு அரணைகளில் பெரியதற்குப் பிஷப் என்று பெயர் வைத்தது அம்மா. ஒரு ஈஸ்டருக்கு எங்கள் ஊருக்கு வந்த பிஷப்பின் நடை அப்படியே அதற்கு இருந்தது. அகலமான உடம்பு, அங்கிக்கு அடியில் கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நகர்வு, அவசரமே இல்லாத முகம். கோபம் வந்தால் வாயை அகலத் திறந்து நீல நாக்கை முழுசாக வெளியே போட்டு வெகுநேரம் காட்டிக்கொண்டே நிற்கும்.

"பிரசங்கம்தான்" என்பாள் அம்மா. "ஆனா சத்தம் இல்ல. எல்லாரும் இப்படிப் பண்ணினா நானும் சர்ச்சுக்குப் போவேன்."

கூட இருந்தது பிஷப்பம்மா. உண்மையில் வீட்டுக்காரி அவள்தான். வருஷம் முழுவதும் தகரத்தின் அடியில் இருப்பவள். பிஷப் வசந்த காலத்தில் மட்டும் ரயில்பாதைப் பக்கமிருந்து வருவார். வந்தால் வாரக்கணக்கில் அவள் பின்னாலேயே சுற்றுவார். அவள் நின்றால் நிற்பார், நடந்தால் நடப்பார். மஞ்சள் பூ பூத்திருந்தால் அவள் தின்று முடிக்கும் வரை பக்கத்தில் காத்திருந்து, மிச்சத்தைத்தான் தொடுவார். வேலிப் பக்கம் காகம் கத்தினால் முன்னால் வந்து நாக்கை நீட்டுவார்.

எங்கள் வீட்டுக்குள்ளும் ஒருவர் வசந்த காலத்தில் மட்டும் வருவார். அவர் டாரன். அம்மாவின் ஆள். என் அப்பா இல்லை, அதற்காக நானும் அவரும் தினமும் தனித்தனியாக நன்றி சொல்லிக்கொள்வோம். வடக்கே ஆட்டு ரோமம் வெட்டும் வேலை முடிந்ததும், எங்கள் பக்கத்தில் வசந்தம் தொடங்கும் செப்டம்பரில் வருவார். மேற்கே கோதுமை அறுவடை தொடங்கியதும் நவம்பரில் போவார். அந்தத் தகரமும் அவர் கொண்டுவந்ததுதான். இடித்துப் போட்ட பழத்தோட்டக் கொட்டகையிலிருந்து பொறுக்கி வந்தார். அம்மாவுக்குக் கோழிக்கூண்டு கட்டித் தருவதாக வாக்கு. தகரம் வந்தது. கூண்டு வரவில்லை. கோழி முட்டைக்குள்ளேயே இருந்துவிட்டது.

லாக்லன் சொன்னதை அம்மா அவரிடம் சொன்னாள்.

"அட, அது ஒரு காலை வேலை" என்றார் டாரன், என் தட்டிலிருந்த சாசேஜை எடுத்துக்கொண்டே. "வண்டியில அள்ளிப் போட்டுக் குப்பைமேட்டுல கொட்டிட்டு வந்துடறேன்."

"எந்தக் காலை?"

"நாளைக்கு."

"போன வருஷம் கூண்டு கட்டறேன்னு சொன்ன நாளையா, இல்ல வேற நாளையா?"

"என்ன நரேல் இது, என்னை நம்ப மாட்டியா? வாயாடி, நீ சொல்லு, நான் சொன்ன வார்த்தையைக் காப்பாத்தற ஆளா இல்லையா?"

வாயாடி என்பது நான். பேசாத பெண்ணுக்கு அவர் வைத்த பெயர். ஒவ்வொரு வருஷமும் அவருக்கு அது புதிதாகச் சிரிப்பு மூட்டும். நான் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தேன். பிஷப்பம்மா சாமந்தி தின்றுகொண்டிருந்தாள். பிஷப் காத்துக்கொண்டிருந்தார். அம்மாவும் அதையேதான் பார்த்தாள்.

"பார்த்தியாய்யா? அந்த அரணைகூடப் பொண்டாட்டி தின்ன அப்புறம்தான் தின்னுது" என்றாள்.

"அதுக்குப் பசிக்கலையோ என்னவோ" என்றார் டாரன், கடைசி சாசேஜை ரொட்டியில் சுருட்டியபடி.

அந்த வாரத்தில் ஒரு நாள் உச்சி வெயிலில் பிஷப் பிஷப்பம்மாவின் கழுத்தைக் கவ்விக்கொண்டு காரியத்தை முடித்தார். துணிக்கொடிக்கு அடியிலேயே, அம்மாவின் படுக்கை விரிப்புகள் காற்றில் சுழல. அம்மா ஒரு டீ டம்ளரோடு படியில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தாள். "எந்திரிச்சு உள்ள போடி" என்று என்னிடம் சொன்னாள். நான் போகவில்லை. "சரி, உட்காரு. பள்ளிக்கூடத்துல இதையாவது சொல்லிக் குடுத்தாங்களா?" என்றாள்.

நவம்பரில் குதிரைப் பந்தய நாளன்று டாரன் பந்தயத்தில் தோற்று, பீர் குடித்து, அழுது, மறுநாள் மேற்கே புறப்பட்டுப் போனார். வண்டியின் பின்தட்டு காலியாகத்தான் போனது. தகரம் அங்கேயே கிடந்தது. பிஷப்பும் அதே வாரம் வேலி இடுக்கு வழியாக ரயில்பாதைப் பக்கம் போய்விட்டார்.

"ஜோடியாப் பேசி வச்சுக்கிட்டுப் போறானுங்க" என்றாள் அம்மா.

கோடை முழுவதும் பிஷப்பம்மா பெருத்தாள். ஜனவரியில் வயிறு தரையில் தேய்ந்தது. பிப்ரவரியில் தகரத்தின் அடியிலிருந்து வெளியே வர மூச்சுவாங்கியது, வந்தால் உள்ளே போகப் பாதி நாள் ஆனது. சாப்பாடு குறைந்துவிட்டது. வயிற்றில் குட்டிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டால் தீனிக்கு எங்கே இடம்? இந்தச் சாதி முட்டை போடாது, குட்டிதான் போடும். குட்டி என்றால் சும்மா குட்டி இல்லை. நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தில் படித்ததை அம்மாவிடம் மெல்லிய குரலில் சொன்னேன். அம்மாவிடம் மட்டும் என் தொண்டை பூட்டாது.

"நம்ம அளவுல பார்த்தா, அஞ்சாறு வயசுப் பிள்ளையைப் பெத்த மாதிரியாம்மா."

அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். "ஆண்டவரே. நீ பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கிட்டு வெளிய வந்திருப்ப."

"வந்துட்டுப் பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். மார்ச் வந்துவிட்டது. லாக்லன் வியாழக்கிழமை வருகிறான். "தகரத்தை நாமளே தூக்கித் தெருவுல போட்டுடலாம். டாரனை நம்பினா கேரவன்தான்."

"இப்பத் தூக்கக் கூடாதும்மா. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு."

"வேற இடத்துல விட்டுட்டு வா. ஆத்துப்பக்கம் புதர் இல்லையா?"

"அதுக்கு வேற இடம் தெரியாது. இங்கதான் திரும்பி வரும். வர்ற வழியில நெடுஞ்சாலை இருக்கு."

இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அந்த நெடுஞ்சாலையில் தட்டையாகக் கிடக்கும் தூங்குமூஞ்சிகளை எங்கள் ஊரில் பார்க்காதவர்கள் கிடையாது.

"வாடகை கட்டறது அவளா நானாடி?" என்று அம்மா கத்தினாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, ஆனால் அவள் அதற்கு வெங்காயத்தைத் திட்டினாள். வெங்காயம் எதுவும் வெட்டவில்லை.

வழி கண்டுபிடித்தது அம்மாதான். சனிக்கிழமைகளில் அவள் ஒரு திராட்சைத் தோட்டத்தில், கல்யாண விருந்துகளில் தட்டு எடுக்கப் போவாள். அந்த வாரம் திரும்பி வந்து காலணியைக் கழற்றுவதற்கு முன்னால் சொன்னாள்: "அடியே டெய்லா, இன்னிக்குப் பொண்ணு மாப்பிள்ளை எதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்தாங்க தெரியுமா? துருப்பிடிச்ச தகரம்! நம்ம தகரத்தைவிட மோசம், ஓட்டை வேற. அதைச் சுத்தி வெள்ளைக் கல்லு, ஒரு உடைஞ்ச தள்ளுவண்டி, அதுல செடி. அடிலெய்டுக்காரங்க அதைத் தடவித் தடவிப் பார்க்கறாங்க. ஒருத்தி சொல்றா, 'எவ்வளவு நேர்மையா இருக்கு!' ன்னு. தகரம்டி! நேர்மையாம்!"

நான் புரியாமல் பார்த்தேன்.

"குப்பையா கிடந்தா குப்பை. சுத்திக் கல்லு வச்சா கலை. தூக்கவே வேண்டாம்."

அப்படித்தான் செய்தோம். ஆற்றங்கரையிலிருந்து கல் பொறுக்கி வந்து குவியலைச் சுற்றி வளையமாக அடுக்கினேன். பிஷப்பம்மா வந்து போக ஒரு வாசல் விட்டேன். தகரத்தின் மேல் எதுவும் அழுந்தாமல், பக்கத்தில் டாரனின் ஓட்டை விழுந்த ரப்பர் பூட்ஸில் சப்பாத்திக் கள்ளியை நட்டேன். ஒற்றைச் சக்கரம் போன சைக்கிளைச் சாய்த்தேன். அம்மா ஒரு பழைய கழிவறைத் தொட்டியைத் தூக்கி வந்து குவியலுக்கு முன்னால் நட்டநடுவில் வைத்து, அதில் ஜெரேனியம் பூச்செடி நட்டாள்.

"இது அதிகம்மா."

"நேர்மையா இருக்கட்டும்" என்றாள்.

வியாழக்கிழமை காலை லாக்லன் வந்தான். அதே காலணி. வீட்டுக்குள் ஒவ்வொரு அறையையும் படம் பிடித்தான். அடுப்பைத் திறந்து பார்த்தான், முந்தின நாள் பாதி பகல் அதற்குள் தலையை விட்டுத் தேய்த்த அம்மா டீ டம்ளரோடு அவன் பின்னால் நின்று பல்லைக் கடித்தாள். அப்புறம் பின்கதவைத் திறந்தான். நின்றான்.

"ஓ" என்றான்.

அம்மா மூச்சை நிறுத்தினாள். நான் எப்போதும்போல நிறுத்தியேதான் வைத்திருந்தேன்.

"இது... யாரு பண்ணினது?"

"எம்பொண்ணு" என்றாள் அம்மா. "கலையில நாட்டம். பேச்சுதான் கம்மி."

அவன் நெருஞ்சியைத் தாண்டிக் கிட்டே போனான். தகரத்தின் துருவைத் தொட்டுப் பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். "நல்லா இருக்கே. இந்த மாதிரி ஒண்ணு எங்க மலைப்பக்கத்து நர்சரியில என்ன விலை தெரியுமா? தோட்டத்துக்கே ஒரு மதிப்பு வந்துடுச்சு." படம் பிடித்தான். மறுபடி தலையைச் சாய்த்தான். "ஓனர்கிட்ட சொன்னா வாடகையைக்கூடக் கொஞ்சம் ஏத்தலாம்னு நினைப்பாரு."

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் எனக்குப் பின்னாலிருந்து ஒரு வார்த்தை வந்தது. அதை இங்கே எழுத முடியாது.

லாக்லனுக்கு அது கேட்கவில்லை. அவன் கண் வேறொன்றின் மேல் போயிருந்தது. கல் வளையத்தின் வாசலில், காலை வெயிலில், அசையாமல் படுத்திருந்தாள் பிஷப்பம்மா. கண் மூடி, செதில் எல்லாம் தூசி படிந்து, துரு நிறத்தில்.

"இதுவும் இரும்பா? வார்ப்பா?" என்றான். "என்ன நுணுக்கம்!"

வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். தொண்டை பூட்டிக்கொண்டது. அவன் குனிந்து, பிடிக்க வசதியாக இருந்த முனையைப் பிடித்துத் தூக்கினான்.

அது வால் இல்லை.

வேறு ஊர்களில் சுவரோரத்து அரணை கடிக்க வந்ததையே மறந்துவிட்டுப் போய்விடும் என்பார்கள். இந்தச் சாதி கடிக்க மறக்காது. கடித்த பிறகு விடத்தான் மறக்கும்.

லாக்லன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு யூகலிப்டஸிலிருந்து கலாக் கிளிகள் கூட்டமாகப் பறந்தன. அவன் கட்டைவிரல் முழுவதும் பிஷப்பம்மாவின் வாய்க்குள் இருந்தது. கையை உதறப் போனான்.

"இழுக்காதீங்க!"

யார் கத்தியது என்று நானும் சுற்றிப் பார்த்தேன். நான்தான்.

"உதறாதீங்க. அது மாசமா இருக்கு. உட்காருங்க. கையைத் தரையில வைங்க. அதுவா விடும்."

"எப்ப விடும்?"

"அதுக்குத் தோணும்போது."

முட்டி போட்டு உட்கார்ந்தான். அழகான பேண்டின் இரண்டு முட்டியிலும் நெருஞ்சி ஏறியிருக்கும். கையைத் தரையில் வைத்தான். பிஷப்பம்மா தரை கிடைத்ததும் நான்கு காலையும் ஊன்றி, இன்னும் வசதியாகக் கவ்விக்கொண்டாள்.

"எது தலைன்னு இப்பத் தெரிஞ்சுதா தம்பி?" என்றாள் அம்மா.

"தண்ணி ஊத்துங்க! ஏதாவது பண்ணுங்க!"

"டாரன் இருந்தா பீர் ஊத்தினா விட்டுடும்னு சொல்லுவான். ஆனா டாரன் மேல பீர் ஊத்தி அவன் எதையும் விட்டு நான் பார்த்ததில்ல."

"இது சிரிக்கிற விஷயமில்ல நரேல்!" அவன் முகம் சிவந்துவிட்டது. இடது கையால் பலகைக் கணினியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினான். தட்டிக்கொண்டே உரக்கச் சொன்னான். "வீட்டில்... ஆபத்தான... விலங்கு. தோட்டம்... பாதுகாப்பற்றது. புதுப்பிக்க... வேண்டாம்."

அம்மாவின் கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்து, டீ அவள் செருப்பின் மேல் ஊற்றியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. "தம்பி" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "தம்பி, அப்படி எழுதாதப்பா. எங்களுக்குப் போக இடமில்ல."

"அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும்" என்றான். அப்புறம் அவன் குரல் சட்டென்று மாறியது. "ஆ! இறுக்குது! இன்னும் இறுக்குது! என்ன பண்ணுது இது? அய்யோ, அந்தப் பக்கம் என்னமோ வருது!"

நான் மண்டியிட்டுப் பார்த்தேன்.

"அதுதான் வால்" என்றேன்.

வாலுக்கு அடியிலிருந்து பளபளப்பாக ஒரு பை எட்டிப்பார்த்தது. பிஷப்பம்மாவின் விலா ஒரு முறை உள்ளே போய் வந்தது. அதோடு தாடையும் இறுகியது. லாக்லன் அலறினான். விலா தளர்ந்தது, தாடை தளர்ந்தது, லாக்லன் மூச்சு விட்டான். மறுபடி விலா, மறுபடி தாடை, மறுபடி லாக்லன்.

"வலி எடுத்துடுச்சு" என்றாள் அம்மா, அவன் பக்கத்தில் உட்கார்ந்தபடி. வீடு, ஒப்பந்தம் எல்லாம் அந்த நிமிஷம் அவள் முகத்திலிருந்து போய்விட்டன. "இவளைப் பெத்தப்போ நான் நர்ஸோட கையைப் பிடிச்சு இப்படித்தான் நெரிச்சேன். பாவம், அவ மோதிரத்தை வெட்டி எடுத்தாங்க. தம்பி, கையை எடுத்துடாத. அவளுக்கு வேற யாரு இருக்கா? புருஷன் ரயில்பாதைப் பக்கம் போயிட்டான்."

"எடுக்க முடிஞ்சா எடுத்திருப்பேன்!"

"பேசாத. மூச்சை இழு. விடு. இழு. விடு."

அவள் பிஷப்பம்மாவிடம் சொன்னாளா, லாக்லனிடம் சொன்னாளா தெரியாது. இழுத்து விட்டது லாக்லன்.

முதல் குட்டி வந்தது. என் உள்ளங்கையை விட நீளம். மெல்லிய தோல் போர்வை முகத்தில் ஒட்டியிருக்க, மூக்கால் முட்டி அதைக் கிழித்தது. கிழித்ததும் உலகத்தில் அது செய்த முதல் காரியம் அந்தப் போர்வையைத் தின்னத் தொடங்கியது. பாதி தின்றதும் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்து, பொட்டு அளவு வாயைத் திறந்து, நீல நாக்கை நீட்டியது.

"அப்பன் சாடை" என்றாள் அம்மா.

லாக்லன் சத்தம் போடுவதை நிறுத்தியிருந்தான். வாயைத் திறந்தபடி குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது வர நேரமாயிற்று. பிஷப்பம்மா கண்ணை மூடிக்கொண்டாள். விலா இறுகியும் ஒன்றும் வரவில்லை. மறுபடி இறுகியது. எனக்குப் பயமாக இருந்தது. அப்போது லாக்லன் செய்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். கடிபடாத விரல்களால், மெல்ல, அவள் தாடையின் கீழே தடவிக் கொடுத்தான். உதடு முணுமுணுத்தது. இழு, விடு, என்றுதான் இருக்கும்.

இரண்டாவது முதலாவதைவிடப் பெரியது. வந்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை. அப்புறம் மூக்கு முட்டியது, தோல் கிழிந்தது, அதுவும் தின்ன ஆரம்பித்தது.

பிஷப்பம்மா வாயைத் திறந்து கட்டைவிரலைத் துப்பினாள். பிள்ளைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கியை இழுத்துக்கொண்டு போவதுபோல நகர்ந்து, கல் வாசல் வழியாகத் தகரத்தின் அடியில் போனாள்.

கட்டைவிரல் ஊதா நிறத்தில் இருந்தது. தோல் பெரிதாகக் கிழியவில்லை. "டெட்டால் கொண்டு வர்றேன்" என்று அம்மா எழுந்தாள். லாக்லனின் கை இன்னும் தரையிலேயே இருந்தது. முதல் குட்டி போர்வையைத் தின்று முடித்துவிட்டு நிழல் தேடி நடந்தது. முட்டி போட்டிருந்தவன் அதற்குள் ஒரு காலைத் தூக்கி ஊன்றியிருந்தான், அந்தக் காலணியின் நடுவளைவுக்கு அடியில், கூர்முனைக்கும் குதிகாலுக்கும் இடையிலிருந்த இடுக்கில், அது தலையை நுழைத்தது. உடம்பும் போனது. வால் மட்டும் வெளியே. இப்போது அவனுக்கு எது வால் என்று தெரியும்.

அம்மா டெட்டாலும் பஞ்சுமாக வந்தபோது அவன் கணினியை எடுத்து மடியில் வைத்திருந்தான். தட்டியதை இடது கையால் ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். பிறகு வேறு ஏதோ தட்டினான். திரையை அம்மாவின் பக்கம் திருப்பிக் காட்டினான்.

தோட்டம்: திருப்தி. ஒப்பந்தம்: புதுப்பிக்கலாம். வாடகை: மாற்றம் தேவையில்லை.

அம்மா படித்தாள். மறுபடி படித்தாள். டெட்டால் புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தம்பி, உனக்கு ஒரு டீ?" என்றாள்.

அவன் குனிந்து அந்தக் காலணியின் கயிற்றை அவிழ்த்தான். காலணி துளியும் அசையாமல், பாதத்தை மட்டும் மெல்ல மெல்ல உருவி எடுத்தான். எழுந்தான். ஒரு காலில் காலணி, ஒரு காலில் ஒன்றுமில்லை. முற்றத்து நெருஞ்சியின் மேல் அந்த வெறுங்காலை வைத்தான், எடுத்தான், வைத்தான். முகம் கோணியது, வாயிலிருந்து சத்தம் வரவில்லை. வேலிக் கதவைத் திறந்து, பின்னால் மெதுவாகச் சாத்தினான். காரில் ஏறுவதற்கு முன் தரையில் கையை ஊன்றிக் குனிந்து, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் பார்த்தான். பிறகு ஏறினான். வண்டியை மெல்ல நகர்த்திப் போனான்.